பள்ளிப் பெயர்ப் பலகையை வாசிப்போம்

(உப்பூரில் தலித் பெற்றோரும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



‘கல்வியும் தலித் விடுதலையும்’ என்று நோட்டீசில் தலைப்பு போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் பேசுவதற்குப் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அதிலே ஒரு சின்ன இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வருசா வருசம் கோடையில் நம்ம பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறோம். அங்கே நம்மிடம் சில சொற்கள் சொல்லப்படுகின்றன. எய்டெட், மெட்ரிக், மைனாரிட்டி, ஆர்.டி.இ., டி.சி., கம்யூனிட்டி, கடைசியாக ‘சீட் ஃபுல்’. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருகிறோம். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் எந்தக் கதவைத் திறக்கிறது, எதைச் சாத்துகிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

இது குமாஸ்தா வேலை, இதிலே என்ன விடுதலை இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் நினைக்கலாம். உப்பூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் வருகிறது என்றபோது ‘கையகப்படுத்தல்’, ‘ஆட்சேபணை’, ‘சுற்றுச்சூழல் அனுமதி’ என்ற சொற்களையெல்லாம் விவசாயிகளும் மீனவர்களும் தெரிந்துகொண்டுதான் போராடினார்கள். 2021இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. ஆபீசு பாஷை தெரியாதவனை ஆபீசு ஏமாற்றும். நிலத்துக்குத் தெரிந்துகொண்ட மாதிரி பிள்ளைக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. நம்மைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவதற்கு ஒரு காலத்தில் சொல்லே தேவைப்படவில்லை. பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகளில் பல அக்ரகாரத்திலும் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் நடந்தன. பள்ளிக்கூடம் எல்லாருக்கும் பொது. ஆனால் அந்தத் தெருவுக்குள் நாம் கால் வைக்க முடியாது. 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை போட வேண்டி வந்ததும், 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியதும் இதனால்தான். அந்த முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதருக்குப் பங்கு உண்டு. பிறகு தொழிலாளர் துறை நமக்கென்று பள்ளிகள் நடத்தியது. ‘லேபர் ஸ்கூல்’ என்று பெயர். அது அரிசனப் பள்ளி ஆயிற்று. பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆயிற்று. பலகை மூன்று நான்கு தடவை மாறியது. ஊர்ப் பிள்ளை ஊர்ப் பள்ளிக்கும் சேரிப் பிள்ளை சேரிப் பள்ளிக்கும் போவது பல இடங்களில் இன்றுவரை மாறவில்லை.

ஆகவே ஒரு பள்ளியின் பலகையைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யார் கொடுக்கிறார்கள்? தப்பு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது? இங்கே படித்தால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? இந்த மூன்றையும் வைத்து ஒவ்வொரு பலகையாகப் பார்ப்போம்.

‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றிருந்தால் 1 முதல் 5 வரை. ‘நடுநிலைப் பள்ளி’ என்றால் 8 வரை. ‘அரசு உயர்நிலை’ 10 வரை, ‘அரசு மேல்நிலை’ 12 வரை. இவையெல்லாம் அரசின் பணம், அரசின் ஆசிரியர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இந்தப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம். சேர்க்கைக்கென்று காசு கேட்க இடமே இல்லை. பெற்றோர்–ஆசிரியர் கழக நிதி, நன்கொடை என்று என்ன பெயர் வைத்தாலும், அதைக் கொடுக்காததால் பிள்ளையைச் சேர்க்காமல் விடக்கூடாது.

‘ஆதிதிராவிடர் நலப் பள்ளி’ என்பதும் அரசுப் பள்ளிதான். ஆனால் அது பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இல்லாமல் ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் வளர்ந்தது. தமிழ்நாட்டில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். மற்ற சாதிப் பிள்ளைகள் இங்கே சேரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் சேர மாட்டார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 2023 மார்ச்சில் மாநில நிதிநிலை அறிக்கை இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளத்தை எடுக்கச் சொன்னது. நம்ம ஆட்களிலேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் போகட்டும், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நமக்கென்று ஒதுக்கிய நிலம், கட்டடம், நிதி, விடுதி, இவை எந்தக் கணக்கில் போய்ச் சேருகின்றன என்று எழுத்தில் தெரிய வேண்டும். பலகையை அழிக்கிற சாக்கில் பத்திரத்தையும் அழித்துவிடக் கூடாது.

அடுத்தது ‘அரசு உதவி பெறும் பள்ளி’. இதைத்தான் எய்டெட் என்கிறார்கள். இந்தக் கடற்கரை முழுக்க மிஷன் பள்ளிகள், தனியார் அறக்கட்டளைப் பள்ளிகள் என்று நிறைய இருக்கின்றன. நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசாங்கம். சம்பளம் நம்ம வரிப்பணம் என்பதை மறக்காதீர்கள். அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு, அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் சாதி, மதம், இனம், மொழி காரணமாக யாருக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. சிறுபான்மை நிறுவனம் என்ற பலகை இருந்தாலும் இது பொருந்தும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல வளாகங்களில் ஒரே கேட்டுக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கும். ஒன்று உதவி பெறும் பிரிவு, மற்றொன்று கட்டணம் வாங்கும் சுயநிதிப் பிரிவு. ‘எய்டெட்ல இடமில்ல, இங்கிலீஷ் மீடியத்துல இருக்கு’ என்று சொன்னால் நீங்கள் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குத் தள்ளப்படுகிறீர்கள் என்று அர்த்தம். எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2004 ஜூலை 16 கும்பகோணத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 94 பிள்ளைகள் கூரைத் தீயில் கருகினார்கள். அங்கேயும் ஒரே கட்டடத்துக்குள்தான் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. ‘அங்கீகாரம் பெற்றது’ என்று பலகையில் போட்டிருந்தால், எந்த வருசம் வரை, எந்த வகுப்பு வரை என்று கேட்பது குசும்பு இல்லை. பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது.

இப்போது ‘மெட்ரிகுலேஷன்’. இந்தச் சொல்லுக்குத்தான் நம்ம சனம் ரொம்ப மயங்குகிறது. தாலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். ஒரு காலத்தில் மெட்ரிக் தனிப் பாடத்திட்டம், தனித் தேர்வு. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ–இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு இருந்தன. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது; அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அதை நிறுத்தப் பார்த்தார்கள்; 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் ஒன்றியப் பள்ளிப் பிள்ளையும் படிப்பது ஒரே பாடத்திட்டம், எழுதுவது ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு. பலகையில் மெட்ரிக் மிச்சம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கட்டணமும் மிச்சம் இருக்கிறது. அங்கே கிடைப்பது ஆங்கில வழி. ஆங்கில வழிப் பிரிவு இப்போது பல அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்று நம்ம பாட்டன்மார் சண்டை போட்டார்கள். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள் என்கிறேன்.

‘சி.பி.எஸ்.இ.’ என்றால் மத்திய வாரியத்தின் பாடத்திட்டம். தனியார் சி.பி.எஸ்.இ. வேறு, மத்திய அரசே நடத்தும் கேந்திரிய வித்யாலயா வேறு. ராமநாதபுரத்தில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. அது மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைத்து விண்ணப்பமே போடுவதில்லை. அவர்களுக்கு முன்னுரிமை உண்டு, உண்மை. ஆனால் புதுச் சேர்க்கையில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடும் உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும். நம்ம மாநிலப் பள்ளிகளில் 5 வயது. இந்த ஒரு வருச வித்தியாசம் தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டுக்குப் பிறகு என்ன? இது பெற்றோரிடம் யாரும் சொல்லாத கணக்கு. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளி வராது. கெட்டிக்காரப் பிள்ளை, அங்கே போனால் நன்றாகப் படிக்கும் என்று ஏழாம் வகுப்பில் மாற்றினால், ஐந்து வருசம் கழித்து அந்தக் கதவு சாத்தியிருக்கும். கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியபோதும் இதே நிபந்தனைதான். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2024 கடைசியில்தான் நீட்டித்தார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு கல்லூரியில் மட்டும் தமிழ் வழி போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். விதிகள் மாறும். அதனால் வருசத்துக்கு ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு வயதில் ‘மீடியம்’ என்ற கட்டத்தில் போடும் ஒரு டிக், இருபத்தாறு வயதில் வேலை விண்ணப்பத்தில் வந்து நிற்கும்.

இனி சேர்க்கைச் சொற்கள்.

ஆர்.டி.இ. 25 சதவீதம் என்பது என்ன? சிறுபான்மை அல்லாத சுயநிதித் தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில், அதாவது எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ, நாலில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவுக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்கும் தர வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கட்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. 2014இல் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மொத்தமாக விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கு சரியா என்று 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ‘நாங்க மைனாரிட்டி’ என்று ஒரு பள்ளி சொன்னால் அதற்கு இதுதான் அர்த்தம். உண்மையிலேயே சிறுபான்மை அந்தஸ்து இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த 25 சதவீதத்தில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, வருமானம். 2 லட்சம் ரூபாய் வரம்பு நலிந்த பிரிவுக்குத்தான். பட்டியல் சாதி என்ற முறையில் விண்ணப்பிக்கிறவருக்கு வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்று போதும். இரண்டு, தூரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. இங்கே தேவிபட்டினம் தாண்டி, திருப்பாலைக்குடி தாண்டி உள்ளே இருக்கிற நம்ம குடியிருப்புக்கு ஒரு கிலோமீட்டரில் எந்தத் தனியார் பள்ளி இருக்கிறது? சட்டம் நகரத்துச் சேரிக்கு ஓரளவு எட்டுகிறது, கடற்கரைச் சேரிக்கு எட்டுவதில்லை. மூன்று, எட்டாம் வகுப்பு. இலவசம் அதோடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அப்போது பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தாதீர்கள். ஆர்.டி.இ.யில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதை எந்தத் தனியார் பள்ளியும் உங்களுக்குச் சொல்லாது.

இந்த ஒதுக்கீடே எவ்வளவு ஆட்டம் காணும் என்பதையும் பார்த்தோம். மத்திய அரசு தேசியக் கல்விக் கொள்கையைக் காரணம் காட்டி மாநிலத்துக்கு நிதியை நிறுத்தியது. அதனால் 2025–26இல் கோடையிலேயே நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. தில்லிக்கும் சென்னைக்கும் சண்டை. வாசலில் நின்றது நம்ம பிள்ளை.

‘இன்டர்வியூ’ என்பது அடுத்த சொல். பிள்ளைக்குத் தேர்வு வைப்பதும், அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா இங்கிலீஷ் பேசுவாரா என்று பெற்றோரைச் சோதிப்பதும் கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009இலிருந்து தனிச் சட்டமும் குழுவும் இருக்கின்றன. அந்தக் குழு எவ்வளவு போட்டது என்று கேளுங்கள். ‘பில்டிங் ஃபண்டு, ஸ்மார்ட் கிளாஸ்’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். துண்டுச் சீட்டுத்தான் சாட்சி.

‘டி.சி. கொண்டு வா’, ‘பர்த் சர்ட்டிபிகேட் இல்லையா’, ‘சேர்க்கை முடிஞ்சிருச்சு’. இந்த மூன்றும் நம்ம மாவட்டத்துக்கு மிக முக்கியம். கரி மூட்டம் போடவும், செங்கல் சூளைக்கும், திருப்பூருக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்புகிற சனம் நாம். பாதி வருசத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். கையில் ஒரு தாளும் இருக்காது. எட்டாம் வகுப்பு வரை வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. தேதி முடிந்துவிட்டது என்றும் சொல்லக் கூடாது. ரொம்ப நாள் படிக்காமல் விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். எல்லாம் அதே சட்டத்தில் 4, 5, 14, 15ஆம் பிரிவுகள். எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் இல்லாததால் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைப்பதையும், பாக்கியை அதில் எழுதுவதையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

அடுத்து ‘கம்யூனிட்டி’ கட்டம். சாதி வேண்டாம் என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது ஆதிக்கச் சாதிக்காரருக்குப் பெருமையாக இருக்கலாம். அவருக்கு அதனால் நட்டமில்லை. சாதியை எழுதாமல் விட்டாலும் நம்ம தெருவில் நம்மைத் தேடி வந்து அடிப்பான்; உதவித்தொகைக்கு மட்டும் ‘சான்று இல்லை’ என்பான். அதனால் எழுதுங்கள், சரியாக எழுதுங்கள். வட்டாட்சியர் தரும் சாதிச் சான்றில் என்ன இருக்கிறதோ அதே எழுத்து பள்ளிப் பதிவிலும் டி.சி.யிலும் இருக்க வேண்டும். 2021இல் பள்ளர், குடும்பர், பண்ணாடி, காலாடி, கடையர், தேவேந்திரகுலத்தார், வாதிரியார் ஆகிய பெயர்களை ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்று ஒரே பெயரில் கொண்டுவந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் சான்றில் ஒரு பெயர், தம்பி சான்றில் ஒரு பெயர் என்று இருந்தால் தாலுகா ஆபீசில் கேட்டுச் சரிபாருங்கள். அருந்ததியருக்கு 2009இலிருந்து 3 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அவர்கள் சான்றில் ‘எஸ்.சி.ஏ.’ என்று இருப்பதைப் பள்ளி வெறும் ‘எஸ்.சி.’ என்று பதிந்தால் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் சிக்கல்.

பக்கத்திலேயே ‘மதம்’ என்று ஒரு கட்டம். ஓரியூர்ப் பக்கம் முந்நூறு வருசத்துக்கு முந்தியே நம்ம சேரிகளில் கிறித்தவம் வேர் பிடித்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்றால் இந்து என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தேவாலயத்தில் தனி வரிசை, கல்லறையில் தனிச் சுவர், பள்ளிப் படிவத்தில் மட்டும் சாதி போய்விட்டதாம். இதை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். ஞானஸ்நானப் பெயரையும் மதத்தையும் யோசிக்காமல் ஒன்றாம் வகுப்பில் எழுதிவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் உதவித்தொகைக்கு ஓடுகிற குடும்பங்களை இந்த மாவட்டத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மாநில அரசு மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் சில உதவித்தொகைகள் தருகிறது. எது உண்டு, எது இல்லை என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். இது அவரவர் விசுவாசத்தில் தலையிடுவது இல்லை.

படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியும் உண்டு. என் மகளுக்கு ஒரு தனியார் பள்ளியில் கேட்கப் போயிருந்தேன். படிவத்தில் எல்லாம் எழுதியிருந்தேன். ஆபீசில் இருந்த அம்மா அதைப் பார்க்காமலே, “எந்த ஊருங்க?” என்றார். சொன்னேன். “ஊருக்குள்ளயா, காலனியா?” என்றார். “காலனி” என்றேன். பேனாவை மூடினார். “சீட் ஃபுல் ஆயிருச்சு.” எனக்குப் பின்னால் நின்றவருக்குப் படிவம் கொடுத்தார். “இடமில்லைன்னு எழுதிக் குடுங்கம்மா” என்று கேட்டேன். அப்படியெல்லாம் எழுதித் தரும் வழக்கம் இல்லை என்றார். நடந்ததைத் தேதி போட்டு எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்தே போன் வந்தது, இடம் இருக்கிறதாம். அந்த இடம் எங்களுக்கு வேண்டாம் என்று என் துணைவியார் சொல்லிவிட்டார். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நான் சொல்ல வருவது, ‘எழுதிக் கொடுங்கள்’ என்ற இரண்டு சொல்லுக்கு அவர்கள் பயப்படுகிறார்கள். தீண்டாமை காரணமாகப் பள்ளியில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், தலித் என்பதற்காகக் கல்வி நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் குற்றம். ஆனால் வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். தாளில் வாங்க வேண்டும்.

இப்போது தோழர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ‘பொதுப் பள்ளிக்குப் போராட வேண்டிய இயக்கம், தனியார் பள்ளியில் சீட் வாங்க வழி சொல்லிக் கொடுக்கலாமா?’ நியாயமான கேள்வி. 1964–66 கோத்தாரிக் குழுவே பொதுப் பள்ளி முறையைச் சொன்னது. பண்ணையார் பிள்ளையும் பண்ணையாள் பிள்ளையும் ஒரே அருகமைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அதுதான் நம்ம கோரிக்கை, அதில் மாற்றமில்லை. 25 சதவீதம் என்பது அரசுப் பணத்தைத் தனியாருக்குக் கொடுத்து அரசுப் பள்ளியைக் காலி பண்ணுகிற ஏற்பாடும்தான். ஆனால் இந்த நியாயத்தை உப்பளத்தில் கால் வெடித்து நிற்கிற ஒரு தாயிடம் போய்ச் சொல்லி, ‘நீ கொள்கைக்காக உன் பிள்ளையை ஓட்டைப் பள்ளியில் போடு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அரசுச் சம்பளம் வாங்கும் நம்ம படித்தவர்கள் பலர் தங்கள் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். அரசுப் பள்ளியில் கழுவச் சொன்னதும் கூட்டச் சொன்னதும் நம்ம பிள்ளையைத்தான் என்பதும் தெரியும். அவர் மெட்ரிக் என்ற சொல்லைத் தேடி ஓடுவது ஆங்கிலத்துக்காக மட்டும் இல்லை, மரியாதைக்காக. அந்த மரியாதை அங்கேயும் கிடைக்காது என்பதை அனுபவித்துத் தெரிந்துகொள்கிறார்.

ஆகவே இரண்டு வேலையும் செய்ய வேண்டும். எந்தக் கதவுக்குப் போனாலும் நம்ம பிள்ளை உரிமையோடு உள்ளே போக வேண்டும். அதே நேரம் நம்ம தெருப் பள்ளியை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு சொல் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. சட்டம் 21ஆம் பிரிவு. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம். நடப்பில் என்ன? தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இனிமேல் அந்தப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆசிரியர் காலியிடம், கழிப்பறை, காலை உணவை யார் சமைக்கிறார், யார் தனியாக உட்கார வைக்கப்படுகிறார், எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

மாணவர் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இங்கே கல்லூரியில் படிக்கிறவர்கள் இருபது பேராவது இருக்கிறீர்கள். வருகிற சேர்க்கைக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேர் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 3 வயதும் 5 வயதும் நிறைகிற பிள்ளைகள் யார், ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் மாறுகிற பிள்ளைகள் யார், வெளியூர் போய்த் திரும்பிய குடும்பம் எது, யாருக்குச் சாதிச் சான்று இல்லை. இந்த நான்கையும் எழுதுங்கள். ஆர்.எஸ்.மங்கலம் தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அந்தத் தாய்மாரோடு கூடப் போங்கள். பள்ளி வாசலுக்கும் கூடப் போங்கள். பேசுவது அந்தத் தாயாகவே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, சொன்னது என்ன, சொன்னவர் யார், தேதி என்ன என்று எழுதுங்கள். தனியாகப் போகிற ஆத்தாவிடம் ‘சீட் ஃபுல்’ என்று சொல்வது சுலபம். நோட்டோடு நாலு பேர் நிற்கும்போது அவ்வளவு சுலபம் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஜெய்பீம்.